நோயிலிருந்து மீண்டவர் வேலையை இழப்பதா?

பாண்டிருப்பு, மருதமுனை, கல்முனை ஆகிய ஊர்களிலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்படும் இரவுநேர பஸ் வண்டிகளில் வியாபாரிகளும் மாணவர்களும் மாத்திரம் பயணிப்பதில்லை. மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கும் கொழும்பு தேசிய வைத்தியசாலைக்கும் கிளினிக் அட்டையுடன் செல்லும் நோயாளர்களும் அவற்றில் இருக்கின்றனர். 300 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட அந்தப் பயணத்தில், பக்கத்து ஆசனத்தில் இருப்பவர் தமிழரா முஸ்லிமா என்று எவரும் பார்ப்பதில்லை. சுகம் பெற்று வீடு திரும்பவேண்டும் என்பதே இருவரதும் பிரார்த்தனையாக இருக்கின்றது.

அவ்வாறு சுகம் பெற்றுத் திரும்புவோரில் சிலரை வீட்டு வாசலில் இன்னோர் இடி காத்திருக்கின்றது. அவர்கள் பார்த்துவந்த வேலை அவர்களுக்கு இல்லாமல் போயிருக்கின்றது. இது பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை. நோயாளியை நலம் விசாரிப்பதைக் கடமையாகக் கருதும் இரு சமூகங்களும், நோயிலிருந்து மீண்டவரின் பிழைப்பு என்னவாயிற்று என்று விசாரிக்க மறந்துவிடுகின்றன.

முதலில் சட்டம் என்ன சொல்கின்றது என்பதைப் பார்ப்போம். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி, முதலாவது வருட சேவையைப் பூர்த்தி செய்த ஊழியருக்கு வருடத்தில் 14 நாட்கள் வருடாந்த விடுமுறையும் 7 நாட்கள் அமைய விடுமுறையும் உரித்தாகும். சுகவீனத்துக்கும் சொந்த அலுவல்களுக்கும் அந்த 7 நாட்கள்தான். காய்ச்சலுக்கு அது போதும். ஆனால் புற்றுநோய்க்கான கதிர்வீச்சுச் சிகிச்சை பல வாரங்களுக்கு நாள்தோறும் வழங்கப்படுவதுண்டு. காசநோய்க்கு 6 மாதங்களாவது மருந்து உட்கொள்ள வேண்டும். சிறுநீரகம் பழுதடைந்தவர் வாரத்தில் இரண்டு மூன்று தடவை இரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்லவேண்டியிருக்கும். இவர்களுக்கு 7 நாட்கள் எந்த மூலைக்கு?

ஒப்பீட்டுக்காக நமது இளைஞர்கள் கடல் கடந்து செல்லும் நாடுகளை நோக்குவோம். சவூதி அரேபியாவின் தொழிற்சட்டம் ஒரு வருடத்தில் 120 நாட்கள் வரை சுகவீன விடுமுறைக்கு இடமளிக்கின்றது. அதில் 30 நாட்களுக்கு முழுச் சம்பளமும் அடுத்த 60 நாட்களுக்கு முக்கால் பங்குச் சம்பளமும் உண்டு. எஞ்சிய 30 நாட்கள் சம்பளமற்றவை. அந்த விடுமுறை முடிவதற்கு முன்னர் நோயைக் காரணங்காட்டி ஊழியரை நீக்க முடியாது. ஐக்கிய அரபு இராச்சியத்தில் இவ்விடுமுறை 90 நாட்களாகும். வீட்டுப் பணிப்பெண்கள் இப்பொதுச் சட்டங்களுக்கு வெளியே விடப்பட்டிருப்பதையும், ஏட்டில் உள்ள யாவும் நடைமுறையில் கிடைப்பதில்லை என்பதையும் நாம் அறிவோம். ஆயினும், பாலைவனத்தில் வேலை செய்யும் நம்மவருக்கு ஏட்டிலாவது உள்ள பாதுகாப்பு, கல்முனைக் கடைத்தெருவில் வேலை செய்யும் அவருடைய சகோதரருக்கு ஏட்டிலும் இல்லை என்பது வெட்கத்துக்குரியதல்லவா?

அதற்காக நமது நாட்டின் ஊழியர் முற்றாகக் கைவிடப்பட்டிருக்கின்றார் என்று கூறிவிடவும் முடியாது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட தொழில் தருநர் எவரும், ஒழுக்காற்றுக் காரணம் தவிர்ந்த வேறெந்தக் காரணத்துக்காகவும், ஊழியரின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியோ இன்றி அவரைச் சேவையிலிருந்து நீக்கக்கூடாது என விதிக்கின்றது. சேவைக்கால நிபந்தனையைப் பூர்த்தி செய்த ஊழியருக்கு இது பலமான கேடயமாகும். நோயுறுவது ஒழுக்கக்கேடு அல்ல என்பதை எவரும் விளக்கத் தேவையில்லை.

ஆனால் இந்தக் கேடயத்தைச் சுற்றிச் செல்ல இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, "நீங்கள் நன்றாக ஓய்வெடுங்கள், இதில் ஒரு கையொப்பம் இடுங்கள்" என்று அனுதாபத்துடன் நீட்டப்படும் இராஜினாமாக் கடிதம். மற்றது, ஊழியர் வைத்தியசாலைக் கட்டிலில் கிடக்கும்போது அவருடைய வீட்டு முகவரிக்குச் செல்லும், அவர் தாமாகவே பதவியை வறிதாக்கிவிட்டார் என்னும் அறிவித்தல். முன்னையதில் சம்மதம் பெறப்பட்டுவிடுகின்றது. பின்னையதில் நீக்கம் என்ற சொல்லே பாவிக்கப்படுவதில்லை.

இவ்விடயத்தில் நீதிமன்றங்கள் தெளிவாகவே பேசியிருக்கின்றன. 1996ஆம் ஆண்டின் இலங்கைச் சட்ட அறிக்கைகளில் இடம்பெற்றுள்ள, அரச பொறியியல் கூட்டுத்தாபனம் தொடர்பான வழக்கொன்றில், பதவியை வறிதாக்குதல் என்பதற்கு வேலைக்குச் சமுகமளிக்காமை மாத்திரம் போதாது, வேலையைக் கைவிடும் எண்ணமும் இருக்கவேண்டும் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. மருத்துவச் சான்றிதழை அனுப்பிவிட்டுச் சிகிச்சைக்குச் சென்றவரிடம் அந்த எண்ணம் இருந்தது என்று எவ்வாறு கூறமுடியும்?

அண்டை நாடான இந்தியாவின் அனுபவமும் இங்கு குறிப்பிடத்தக்கது. பஞ்சாப் மாநில மின்சாரச் சபையின் ஊழியர் ஒருவர் 1994இல் சேவையில் இருக்கும்போதே பார்வையை முற்றாக இழந்தார். சேவைக்காலத்தில் உடற்குறை ஏற்பட்டவரை நீக்கக்கூடாது என்று 1995இல் இயற்றப்பட்ட சட்டம் கூறுவதை அறியாத அவர், தாமாகவே ஓய்வு கேட்டுக் கடிதம் எழுதினார். சபையும் அதனை ஏற்றுக்கொண்டது. 2008இல் அவ்வழக்கில் தீர்ப்பளித்த இந்திய உயர் நீதிமன்றம், சட்டத்தை அவருக்கு எடுத்துக்கூற வேண்டிய கடமை அதிகாரிகளுக்கு இருந்தது என்று சாடி, அவருக்கு நியாயம் வழங்கியது. உரிமை தெரியாதவரின் கையொப்பம் உண்மையான சம்மதம் ஆகாது என்பதே அத்தீர்ப்பு நமக்கு உணர்த்தும் பாடமாகும்.

எனவே, நோயுற்ற ஊழியரும் அவருடைய குடும்பத்தவரும் சில விடயங்களை மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். விடுமுறைக் கோரிக்கையையும் மருத்துவச் சான்றிதழையும் பதிவுத்தபாலில் அனுப்பி, பிரதியையும் பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்த வேண்டும். வாசித்து விளங்கிக்கொள்ளாத எந்தக் கடிதத்திலும் கையொப்பமிடக் கூடாது. வேலை போய்விட்டால் 6 மாதங்களுக்குள் தொழில் நியாயசபையில் விண்ணப்பிக்க வேண்டும். 15 பேருக்குக் குறைந்த ஊழியர்களைக் கொண்ட கடையில் வேலை செய்தவருக்கும் அந்தக் கதவு திறந்தே இருக்கின்றது. உடல் தேறட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்து காலக்கெடுவைத் தவறவிடுவது பெரும் இழப்பாகும்.

தொழில் தருநரின் பக்கத்தையும் நாம் கவனிக்காமல் விட முடியாது. மூன்று பேரை வைத்துக் கடை நடத்துபவருக்கு, ஒருவர் 8 மாதங்கள் வராமல் இருப்பது உண்மையான சுமையே. அந்தச் சுமையை அவர் தலையில் மாத்திரம் ஏற்றுவது நியாயமாகாது. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில் தருநர்கள் மாதந்தோறும் சம்பளத்தின் 3 வீதத்தைச் செலுத்துகின்றனர். இதய சத்திரசிகிச்சை போன்றவற்றுக்கு அந்நிதியம் ஏற்கனவே உதவி வழங்கிவருகின்றது. நீண்டகாலச் சிகிச்சையில் இருப்பவருக்குச் சம்பளத்தின் ஒரு பகுதியை அதனூடாக வழங்க முடியுமா என்பதை அரசாங்கம் ஆராய வேண்டும். ஊழியர் சேமலாப நிதியில் 30 வீதத்தை மருத்துவத் தேவைக்கு முன்கூட்டியே பெறுவதற்கு 2012ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வழிசெய்திருப்பது உண்மைதான். ஆனால் அது ஊழியர் தமது முதுமைக்கெனச் சேமித்த சொந்தப் பணம் என்பதை மறந்துவிடலாகாது.

நோயினால் தற்காலிகமாக வேலைக்கு வராதிருப்பது பணிநீக்கத்துக்கு ஏற்ற காரணமாகாது என்று சர்வதேச தொழில் தாபனத்தின் 1982ஆம் ஆண்டின் 158ஆம் இலக்க சமவாயம் கூறுகின்றது. இலங்கை அதனை அங்கீகரிக்கவில்லை. தொழிற்சட்டங்களைப் புதுப்பிக்கவேண்டும் என்று அடிக்கடி பேசப்படும் நாட்டில், இந்த ஒரு வாசகத்தையேனும் சட்டமாக்குவதற்கு அம்பாறை மாவட்டத்தின் தமிழ், முஸ்லிம் பாராளுமன்ற உறுப்பினர்கள் ஒன்றிணைந்து குரல் கொடுக்க வேண்டும். இதில் எல்லைப் பிரச்சினையோ இனப் பிரச்சினையோ இல்லை.

வைத்தியர்கள் ஒரு மனிதரின் உயிரைக் காப்பாற்றித் திருப்பி அனுப்புகின்றனர். அந்த உயிர் வாழ்வதற்கான வழியை அடைத்துவிடும் உரிமை எவருக்கும் இல்லை என்பதையே நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.