பெயரை எந்தப் பட்டியலில் எழுதுவது?



நவம்பர் மாதம் திருச்சபையில் இறந்தோருக்கான மாதம். முதலாம் திகதி சகல புனிதர் திருநாள். இரண்டாம் திகதி மரித்த விசுவாசிகள் அனைவரின் நினைவு நாள். ஒக்டோபர் கடைசிக் கிழமையிலேயே கோவில்களில் சிறிய கடித உறைகள் கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, இயன்ற காணிக்கையோடு உறையில் வைத்துக் கொடுத்தால், அந்த மாதத்துப் பூசைகளில் அவர்களுக்காக மன்றாடப்படும். சவக்காலைக்குப் போய்ப் புல் பிடுங்கி, பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்துவதும் இந்த நாட்களில்தான். ஹெந்தளையிலிருந்து நீர்கொழும்பு வரை இந்தக் கரையோரத்தில் தமிழர், சிங்களவர் என்ற பேதமின்றிக் கத்தோலிக்க வீடுகளில் நடந்துவரும் காரியம் இது.

ஆனால், எங்களிடம் வந்துபோகிற சகோதரிகள் சிலருக்கு அந்தச் சின்ன உறை பெரும் பாரமாக இருக்கிறது. வன்னியிலிருந்து வந்து இந்தப் பக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மிஸ், அப்பா, அம்மா, தமையன் மூண்டு பேரையும் எழுதிப்போட்டன். இவரை எழுதுறதோ, விடுறதோ?" என்று கேட்டார். 2009 மே மாதம் வட்டுவாகலில் கணவரைக் கடைசியாகக் கண்டவர் அவர். "எழுதினால் நானே மண் அள்ளிப் போட்ட மாதிரி. எழுதாமல் விட்டு, ஆள் உண்மையிலேயே இல்லையெண்டால், அவருக்கெண்டு செபிக்க ஒருத்தரும் இல்லாமல் போகுமே."

இதற்கு நான் கொடுத்த பதில் மிகச் சிறியது. உறையில் எழுதவேண்டாம், பூசைக்குக் கொடுங்கள் என்றேன். திருச்சபைச் சட்டத்தின் 901ஆம் இலக்கம், உயிரோடிருப்பவருக்காகவோ இறந்தவருக்காகவோ, எவருக்காகவும் குருவானவர் பூசை ஒப்புக்கொடுக்கலாம் என்கிறது. ஆகவே பெயரை மட்டும் சொல்லி, "இவருக்காக" என்று கேட்டாலே போதும். "ஆன்ம இளைப்பாற்றிக்கு" என்று சேர்க்கவேண்டிய கட்டாயமில்லை. அவர் எங்கே இருக்கிறார் என்பது தேவனுக்குத் தெரியும், பூசைப் புத்தகத்தை எழுதுகிறவருக்குத் தெரியவேண்டியதில்லை. பங்கு அலுவலகத்தில் யாராவது "உயிரோ, இறந்தவரோ?" என்று பேனாவோடு கேட்டால், சுவாமியோடு கதைக்கவேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

இந்தத் தத்தளிப்புக் கிறிஸ்தவப் பெண்களுக்கு மட்டும் உரியதல்ல. பொட்டு வைப்பதா, அழிப்பதா, தாலியைக் கழற்றுவதா, எந்தத் திதியில் திவசம் கொடுப்பது என்று இந்துச் சகோதரிகள் படும் பாடு உங்களில் பலருக்குச் சொந்த அனுபவம். நல்ல காரியத்துக்கு அழைப்பு வந்தால் போகலாமா என்ற கேள்விகூட அதற்குள் இருக்கிறது. போலின் பொஸ் என்ற அமெரிக்க அறிஞர், வியட்நாம் போரில் காணாமற்போன படைவீரரின் குடும்பங்களை ஆராய்ந்து, இதற்குத் 'தெளிவற்ற இழப்பு' என்று பொருள்படும் பெயரைக் கொடுத்தார். அவர் சொன்னதில் எனக்குப் பிடித்த விடயம் ஒன்று. குழப்பம் அந்தப் பெண்ணின் மனத்தில் இல்லை, அவளுக்கு நேர்ந்த நிலைமையில் இருக்கிறது. ஆகையால், "இன்னுமா நீ இதை ஏற்றுக்கொள்ளவில்லை?" என்று கேட்கும் அயலவருக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

இந்த நவம்பரிலேயே, திருவழிபாட்டு ஆண்டு முடிய இரண்டு கிழமை இருக்கையில், நமக்கென்றே எழுதப்பட்டதுபோல ஒரு வாசகம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை நற்செய்திகள் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றி வருபவை. 1969இல் வந்த ஒழுங்கு அது. மத்தேயு ஒரு வருடம், மாற்கு ஒரு வருடம், லூக்கா ஒரு வருடம். கிழமை நாட்களின் நற்செய்தியோ ஆண்டுதோறும் அதேதான். பொதுக்காலம் 32ஆம் வாரச் சனிக்கிழமைக்கு உரியது லூக்கா 18ஆம் அதிகாரத்தின் முதல் எட்டு வசனங்கள்: கைம்பெண்ணும் நீதிபதியும். லூக்காவின் ஆண்டில் ஒக்டோபர் ஞாயிறு ஒன்றிலும் இது வரும். 2025இல் ஒக்டோபர் 19ஆம் திகதி வாசிக்கப்பட்டது.

கதை தெரிந்ததுதான். ஒரு நகரத்தில் ஒரு நீதிபதி. அவருக்குத் தெய்வ பயமும் இல்லை, மனிதரைப் பற்றிய அக்கறையும் இல்லை. கணவனை இழந்த ஒருத்தி அவரிடம் வந்து வந்து நியாயம் கேட்கிறாள். பலகாலம் அவர் திரும்பியும் பார்க்கவில்லை. கடைசியில், இவளின் தொல்லை தாங்கமுடியாமல், அலுவலை முடித்துக் கொடுத்துவிடுவோம் என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறார்.

இதைப் பற்றிய மறையுரைகளில் பெரும்பாலும் நான் கேட்டது, விடாமல் செபியுங்கள் என்பதைத்தான். அது சரியே, லூக்காவும் அதற்காகத்தான் யேசு இந்த உவமையைச் சொன்னதாக எழுதுகிறார். ஆனால் அவள் செய்த செபம் என்ன என்று பாருங்கள். அவள் வீட்டில் முழந்தாளிட்டிருந்ததாகக் கதையில் இல்லை. அலுவலகத்துக்கு நடந்தாள். மறுநாளும் நடந்தாள். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணின் வழக்கைப் பேசத் தகப்பனோ, கணவனோ, மகனோ வருவது வழக்கம். இவளுக்காகப் பேச ஒருவருமில்லை, கைக்கூலி கொடுக்கவும் வழியில்லை. கையிலிருந்தது அவளுடைய வாயும் காலும் மட்டுந்தான். லூக்கா எழுதிய கிரேக்க மொழியில் அந்த நீதிபதி சொல்கிற சொல் குத்துச்சண்டைக்காரரின் சொல்லாம். கண்ணுக்குக் கீழே குத்துவது என்பது அதன் நேர்ப்பொருள். ஒரு ஏழைப் பெண்ணின் வரவு அதிகாரியின் முகத்தில் விழுந்த குத்தாக இருந்திருக்கிறது! இதைப் படித்த அன்று எனக்குச் சிரிப்பு வந்தது.

இன்னொன்று. இந்த நீதிபதியைக் கடவுளாக எண்ணிவிடக் கூடாது. யேசுவே அவரை நேர்மையற்றவர் என்கிறார். இப்படிப்பட்டவனே ஒருநாள் அசைந்தானென்றால் கடவுள் எப்படிக் கேளாதிருப்பார் என்பதுதான் அங்குள்ள வாதம். ஆகவே "கச்சேரிக்கும் கமிஷனுக்கும் அலையாதே, கடவுளிடம் விட்டுவிடு" என்று ஒரு தாய்க்குப் புத்தி சொல்கிறவர்கள் இந்த உவமையைத் துணைக்கு அழைக்க முடியாது. அவர் சொல்வது ஆறுதல்போல இருந்தாலும், உவமையில் வரும் நீதிபதிக்குத்தான் அது வசதி.

மாற்குவின் ஆண்டில் இதே 32ஆம் வாரத்து ஞாயிறு, உண்டியலில் இரண்டு காசு போட்ட கைம்பெண்ணின் வாசகம் வரும். அதற்குச் சற்று முன்னேயுள்ள வசனங்களில், கைம்பெண்களின் வீடுகளை விழுங்கும் மறைநூல் அறிஞரை யேசு கண்டிக்கிறார். அந்தப் பகுதியை விட்டுவிட்டுக் குறுகிய வாசகத்தை மட்டும் வாசிக்கவும் வாசகப் புத்தகம் இடங்கொடுக்கிறது. காணிக்கைப் பிரசங்கத்துக்கு அது சுலபம். நீங்கள் வீட்டில் வேதாகமத்தை எடுத்து 38ஆம் வசனத்திலிருந்தே வாசியுங்கள்.

அந்தக் கைம்பெண்ணின் வழிவந்தவர்கள் நம் நாட்டில் ஏராளம். யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனபோது 1984இல் அன்னையர் முன்னணி உருவானது. தெற்கில் மாத்தறையில் 1990இல் சிங்களத் தாய்மார் அதே பெயரில் கூடினார்கள். எங்கள் ஊருக்கு வடக்கே, சீதுவைக்குப் பக்கத்தில் ரத்தொலுவைச் சந்தியில் ஒரு நினைவுச் சுவர் இருக்கிறது. தொழிலாளர் உரிமைக்காகப் பாடுபட்ட இருவர் 1989 ஒக்டோபர் 27ஆம் திகதி கொல்லப்பட்ட இடம் அது. ஓவியர் சந்திரகுப்த தேனுவர வடிவமைத்த அந்தச் சின்னம் 2000ஆம் ஆண்டு எழுப்பப்பட்டது. காணாமற்போனவர்களின் சிறிய புகைப்படங்கள் வரிசை வரிசையாக அதில் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒக்டோபர் 27இல் அங்கே கூடும் வழக்கம் அந்தக் குடும்பங்களுக்கு உண்டு. சிங்களத் தாய் ஒருத்தி தன் மகனின் படத்தை முந்தானையால் துடைப்பதைப் பார்க்க மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

2010 ஜனவரி 24ஆம் திகதி காணாமலாக்கப்பட்ட பத்திரிகையாளர் பிரகீத் எக்னெலிகொடவின் மனைவி சந்தியாவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பொலிஸ், நீதிமன்றம், ஆணைக்குழு என்று அவர் ஏறாத படியில்லை. 2022 ஜனவரியில், களனி கங்கைக்கு அந்தப் பக்கம் முகத்துவாரத்துக் காளி கோவிலில் தலைமயிரை மழித்து நீதி கேட்டார். கிளிநொச்சியில் கந்தசுவாமி கோவில் முன்றலில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தமிழ்த் தாய்மார் தொடங்கிய போராட்டம் 2022இல் இரண்டாயிரம் நாட்களைத் தாண்டியது. காத்திருந்தபடியே கண்மூடிய தாய்மார் பலர். அவர்களின் பெயர்கள் இறந்தோர் பட்டியலில் சந்தேகமில்லாமல் எழுதப்படுகின்றன. அவர்கள் தேடிய பிள்ளைகளின் பெயர்தான் எந்தப் பட்டியலிலும் இல்லை.

அதே 32ஆம் வாரத்துப் புதன்கிழமை நற்செய்தி, பத்துத் தொழுநோயாளர் பற்றியது. எங்கள் ஹெந்தளைக்கு அது வெறும் கதையல்ல. ஒல்லாந்தர் காலத்தில், 1708இல் தொடங்கிய தொழுநோய் ஆஸ்பத்திரி இங்கே இருக்கிறது. ஆங்கிலேயர் 1901இல் கொண்டுவந்த சட்டத்தின்படி நோயாளரைக் கட்டாயமாகப் பிரித்து வைக்கவும் முடிந்தது. உயிரோடிருந்தும் ஊருக்கு இல்லாமற்போனவர்கள் அவர்கள். இன்றைக்கு அது மாத்திரையால் மாறுகிற வருத்தம், மருந்தும் இலவசம். (தோலில் உணர்ச்சியற்ற தேமல் கண்டால் வெட்கப்படாமல் காட்டுங்கள்.) யேசு அந்தப் பத்துப்பேரிடமும் குருக்களிடம் போய்க் காட்டச் சொல்கிறார். ஏனென்றால் மோசேயின் சட்டப்படி, சுகமானவர் என்று குரு சொன்னாலொழிய ஊருக்குள் நுழைய முடியாது. இன்றைய பேச்சில் சொன்னால், ஒரு சான்றிதழ். அதன் அருமை யேசுவுக்குத் தெரிந்திருந்தது. கடதாசி இல்லாமல் ஒரு மனிதன் தன் வீட்டு வாசலைக்கூட மிதிக்க முடியாத நிலை அவருடைய நாட்டிலும் இருந்தது.

கடதாசி என்றதும் உங்களில் பலர் கேட்டுவரும் விடயத்துக்கு வருகிறேன். 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் மட்டுமே பெற முடிந்தது. 2016இல் அது திருத்தப்பட்டு, காணாமற்போனமைக்கான சான்றிதழ் ஒன்றும் வந்தது. இதை எடுப்பதால் அவர் இறந்துவிட்டார் என்று நீங்கள் ஒப்புக்கொண்டதாகாது. காணி, வங்கி, பிள்ளைகளின் அலுவல்கள், உதவித்தொகைகள் ஆகியவற்றுக்கு அது பயன்படும். தேடுதலும் அதனால் நின்றுவிடாது. என் அபிப்பிராயத்தில், பிள்ளைகளுடைய அலுவல் தடைப்பட்டு நிற்குமானால் எடுப்பது நல்லது. எடுக்கமாட்டேன் என்று நிற்கிற தாயையும் நான் வற்புறுத்தமாட்டேன், மற்றவர்கள் வற்புறுத்தவும் விடமாட்டேன்.

2022 மார்ச்சில் இந்தக் குடும்பங்களுக்கு ஒரு இலட்சம் ரூபா கொடுக்க அமைச்சரவை முடிவெடுத்தது. பின்னர் அது இரண்டு இலட்சமாக்கப்பட்டது. பல தாய்மார் தொட மறுத்தார்கள். சிலர் வாங்கினார்கள். வாங்கியவர் பிள்ளையை விற்றுவிட்டார் என்று பேசுகிறவர்களின் பேச்சைக் கேட்டிருக்கிறேன், அது கொடிய பேச்சு. அந்த வருடம் அரிசி, மா, மண்ணெண்ணெய் விற்ற விலையை நினைத்துப் பாருங்கள். லூக்காவின் கைம்பெண்ணுக்கும் அன்றாடம் அடுப்பெரிக்க வேண்டியிருந்திருக்கும்.

மறுமணம் பற்றிக் கடிதம் எழுதிய இளம் சகோதரிக்கு: அரசாங்கத்தின் மரணச் சான்றிதழ் கிடைத்தாலும், கோவிலில் விவாகம் செய்ய அது மட்டும் போதாது. கணவர் இறந்துவிட்டதாகக் கருதலாம் என்று ஆயர் தீர்ப்பளிக்கவேண்டும். பல வருடமாகக் காணவில்லை என்பது மட்டும் அதற்குப் போதிய காரணமாகாது, கூட இருந்தவர்களின் சாட்சியமும் விசாரிக்கப்படும். கேட்பதில் பாவம் எதுவும் இல்லை. உங்கள் பங்குச் சுவாமியிடம் தொடங்குங்கள்.

முறைப்பாட்டுப் பிரதி, செஞ்சிலுவைச் சங்கத்தில் பதிந்த துண்டு, பரணகம ஆணைக்குழுவுக்குப் போனவர்களானால் அங்கே கிடைத்த இலக்கம், கிராம சேவகரின் கடிதம், விவாகப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரே பையில், நனையாத உறையில் வைத்திருங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு போட்டோ கொப்பி எடுங்கள். மூலப்பிரதியை எந்த மேசையிலும் கையைவிட்டுக் கொடுக்கவேண்டாம். அவருடைய படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறதென்றால், முதலில் அதைப் பிரதி எடுங்கள்.