மூன்று முறை ஸலாம் சொன்ன பின்பும் போகாத விருந்தாளி

சென்ற ரமளானில் ஓரிரவு நமது இல்லத்தில் ஸஹர் தவறியது. சுப்ஹு பாங்கு கேட்ட பின்னரே விழித்தோம். உம்மா சர்க்கரை நோய் உள்ளவர். ஸஹரில் உண்டு, மாத்திரையும் எடுத்துக்கொண்டே நோன்பு வைப்பவர். அன்று வெறும் வயிற்றோடு நோன்பைத் தொடர்ந்தார். லுஹருக்கு முன்பே கை நடுங்கி வியர்த்துவிட, நாம் வற்புறுத்தி நோன்பை விடச் செய்தோம். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையை எடுத்துக் கூறியும் அவரது கண்ணீர் நிற்கவில்லை.

தொழுகை நேரம் அறிவிக்கும் செயலி உம்மாவின் செல்பேசியில்தான் இருந்தது. நள்ளிரவுக்குப் பின் அக்கருவி தன்னைத் தானே புதுப்பித்து, அணைந்து, மீண்டும் எழுந்து, கடவு எண்ணைக் கேட்டபடி காத்திருந்தது. எண்ணை இட்டுத் திறக்கும் வரை, நாமாக நிறுவிய செயலிகளில் பல இயங்கத் தொடங்குவதில்லை. ஸஹர் அலாரமும் அவ்வாறே மௌனமாகிவிட்டது.

அனுமதி கொடுத்தது யார்? உம்மாவே. ஒரு வாரமாக அந்த அறிவிப்பு திரையில் வந்துகொண்டிருந்ததாம். ‘இப்போது நிறுவு’, ‘இன்றிரவு நிறுவு’ என இரண்டு பெரிய பொத்தான்கள். அடியில் மங்கிய எழுத்தில் ‘பிறகு’. ‘வேண்டாம்’ என்ற சொல் எங்குமில்லை. “பயான் கேக்கும்போது மறைச்சுக்கிட்டே நின்னுச்சு வாப்பா. போகட்டும்னு எதையோ தொட்டேன்” என்றார். இதற்குச் சம்மதம் என்று பெயரா?

மக்தபில் சிறுவர்களுக்கு நாம் கற்பிக்கும் தொடக்கப் பாடங்களுள் ஒன்று, பிறர் வீட்டில் நுழைய அனுமதி கேட்கும் ஒழுங்கு. மூன்று முறை கேட்டும் அனுமதி கிடைக்காவிடில் திரும்பிவிட வேண்டும் என்ற நபி (ஸல்) அவர்களின் போதனையை அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அறிவிக்க, புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. திரும்பிப் போகச் சொன்னால் போய்விடுங்கள் என்பது சூரா அந்நூரின் 28ஆம் வசனத்தின் கருத்து. மறுக்கும் உரிமை வீட்டுக்காரருக்கு இருந்தால்தான் அனுமதி கேட்பதற்கே பொருள் உண்டு. நாற்பதாவது முறையும் கதவைத் தட்டுபவர் அனுமதி கேட்கவில்லை. வீட்டார் களைத்துப்போகக் காத்திருக்கிறார்.

இது சிறிய நிறுவனங்களின் கவனக்குறைவு மட்டுமன்று. 2016இல் விண்டோஸ் 10க்கு மாறும்படி மைக்ரோசாஃப்ட் காட்டிய அறிவிப்புப் பெட்டியை, மூலையிலிருந்த பெருக்கல் குறியை அழுத்தி மூடினாலும், குறித்த நேரத்தில் மாற்றம் நடந்தேறியது. வேண்டாம் என்பதற்காகவே மக்கள் ஆண்டாண்டாகப் பழகிய குறி, ஆம் என எடுத்துக்கொள்ளப்பட்டது. கண்டனம் வலுத்த பிறகு, அவ்வாண்டு ஜூன் இறுதியில், மறுப்பதற்கென்று தனி வழி வைப்பதாக அறிவித்தார்கள். சலுகைக் காலம் முடிய அப்போது ஒரு மாதமே எஞ்சியிருந்தது!

புதுப்பித்தலே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்ற தீநிரல் பரவி, பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் பலவற்றை முடக்கியது. அதைத் தடுக்கும் திருத்தம் மார்ச் மாதமே வெளியாகியிருந்தது, நிறுவாதவர்களே அகப்பட்டார்கள். நமது கவலையும் இதுவே. தேவையானதையும் தேவையற்றதையும் ஒரே குரலில் கத்தினால், மக்கள் இரண்டையும் சேர்த்தே அடைத்துவிடுவர். உம்மா இன்று எந்த அறிவிப்பையும் தொட அஞ்சுகிறார். நாளை உண்மையான எச்சரிக்கை வந்தாலும் தொடமாட்டார்.

நமது ஜமாஅத்தின் பிள்ளைகள் பலர் சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடாவிலும் இத்துறையில்தான் பணியாற்றுகின்றனர். அத்தகைய திரையொன்றை வடிவமைக்கும்போது, ‘வேண்டாம்’ என்ற பொத்தானையும் ஏனையவற்றின் அளவிலேயே வையுங்கள். மேலாளர் மறுத்தால் ஒருமுறையேனும் காரணம் கேளுங்கள். வீட்டிலுள்ள பிள்ளைகள், ரமளான் பிறக்குமுன் பெரியவர்களின் செல்பேசிகளை வாங்கி, புதுப்பித்தல்களைப் பகலிலேயே முடித்து, இரவில் தானாக நிறுவும் அமைப்பை அணைத்துக் கொடுங்கள்.

விட்ட நோன்பை உம்மா ஷவ்வாலில் களாச் செய்துவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். அன்று ஸஹருக்கு அவரை எழுப்பியது, பரணிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்த, சாவி கொடுக்கும் பழைய கடிகாரம்.