நகரத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கு? பேருந்தும் மெட்ரோவும் மீள்குடியேற்றமும்

வாழ்வதற்கு ஏற்ற நகரம் எது என்ற கேள்விக்குப் பொதுப் போக்குவரத்தை அளவுகோலாகக் கொண்டு விடை தேடும் வழக்கம் நடுத்தர வர்க்கத்தினரிடையே வளர்ந்து வருகிறது. மெட்ரோ நிலையத்திலிருந்து எத்தனை நிமிட நடை என்பதை வீட்டுமனை விளம்பரங்கள் முதல் வரியிலேயே சொல்கின்றன. இத்தகைய தேர்வு நியாயமானதே. ஆனால் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு யாருக்கு இருக்கிறது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இந்தியாவின் எப்பகுதியிலும் வசிக்கும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(உ) பிரிவு குடிமக்கள் அனைவருக்கும் வழங்குகிறது. மும்பை நடைபாதைவாசிகள் தொடர்பான ஓல்கா டெல்லிஸ் வழக்கில் 1985ஆம் ஆண்டு தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வாழ்வுரிமைக்குள் வாழ்வாதார உரிமையும் அடங்கும் என்றது. பயணச் செலவும் நேரமும் தாங்க முடியாதவை என்பதாலேயே ஏழைகள் வேலையிடத்துக்கு அருகே தங்குகிறார்கள் என்பதையும் அத்தீர்ப்பு பதிவு செய்தது. போக்குவரத்தைக் கணக்கிட்டு இருப்பிடத்தைத் தேர்ந்தெடுத்தவர்களில் குடிசைவாசிகளே முன்னோடிகள்.

தலித் மக்களுக்கு இதில் இன்னொரு வரலாறும் உண்டு. கிராமம் அறியாமையின், குறுகிய மனப்பான்மையின், வகுப்புவாதத்தின் குகை என்பதை 1948இல் அரசமைப்பு நிர்ணய சபையிலேயே அம்பேத்கர் சுட்டிக்காட்டினார். அந்தக் குகையிலிருந்து வெளியேறும் வழி பேருந்துதான். அதனால்தான் அதுவும் மறுக்கப்பட்டது. தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுத்த தனியார் பேருந்துகளின் உரிமத்தை ரத்து செய்வதாக இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் எச்சரிக்க வேண்டியிருந்தது. 2021இல் வெளிவந்த மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ திரைப்படத்தின் மையமும் ஊருக்கு மறுக்கப்பட்ட பேருந்து நிறுத்தமே.

நகரத்துக்கு வந்தபின் அந்த மறுப்பு வேறு வடிவம் எடுக்கிறது. கூவம், அடையாறு கரைகளிலும் சென்னையின் மையப் பகுதிகளிலும் வாழ்ந்த குடும்பங்கள் 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டன. சுனாமிக்குப் பின்னும் 2015 பெருவெள்ளத்துக்குப் பின்னும் இந்த வெளியேற்றம் வேகம் பெற்றது. அனுப்பப்பட்டவர்களில் தலித் மக்கள் பெருமளவில் உள்ளனர். வீடு இருபது, முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போனது; வீட்டு வேலையும் சுமை தூக்கும் வேலையும் துப்புரவுப் பணியும் நகரத்தின் மையத்திலேயே இருந்தன. நடந்து சென்ற வேலைக்கு இரண்டு பேருந்து மாற வேண்டிய நிலையில் பலர், குறிப்பாகப் பெண்கள், வேலையையே இழந்தனர். பிள்ளைகளின் படிப்பும் பாதியில் நின்றது.

2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பயணம் இந்தச் சுமையின் ஒரு பகுதியை உண்மையாகவே குறைத்தது. எனினும் அது சாதாரணக் கட்டணப் பேருந்துகளுக்கு மட்டுமே உரியது. பேருந்து வராத நேரத்தில் கட்டணமின்மையால் பயனில்லை. விடியும் முன் பணிக்குச் செல்லும் தூய்மைப் பணியாளருக்குக் கட்டணத்தைவிட முதல் பேருந்தின் நேரமே முக்கியம்.

ஏறத்தாழ 119 கிலோமீட்டர் நீளமுள்ள மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் ஒரு வழித்தடம் மாதவரத்திலிருந்து சிறுசேரி வரை பழைய மகாபலிபுரம் சாலை வழியே செல்கிறது. பெரும்பாக்கம் அச்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. இணைப்புச் சிற்றுந்துகள் இல்லையெனில், தகவல் தொழில்நுட்ப வளாகங்களுக்கு வாசலாகும் மெட்ரோ இம்மக்களுக்கு வேடிக்கைப் பொருளாகவே இருக்கும். நிலையம் வரும் இடத்தில் வாடகையும் உயரும். வாடகை கொடுக்க இயன்றவரிடமும் சாதி கேட்டு வீடு மறுக்கும் வழக்கம் நீடிக்கிறது. ஆகவே நல்ல சம்பளம் பெறும் தலித் இளைஞருக்கும் நிலையத்தருகே வீடு எளிதில் வாய்ப்பதில்லை.

செய்ய வேண்டியவை தெளிவானவை. இயன்ற இடங்களில் எல்லாம் வாழ்ந்த இடத்திலேயே வீடு கட்டித் தர வேண்டும். இடமாற்றம் தவிர்க்க இயலாதெனில், பேருந்துச் சேவை நிலைபெற்ற பின்னரே ஒரு குடும்பத்தையேனும் நகர்த்த வேண்டும். பேருந்து நேர அட்டவணை அதிகாலைத் தொழிலாளரின் பணிநேரத்தை ஒட்டி அமைய வேண்டும். மெட்ரோ நிலையங்களைச் சுற்றியுள்ள அரசு நிலத்தில் பட்டியல் சாதியினருக்கும் ஏழைகளுக்கும் வாடகைக் குடியிருப்புகள் ஒதுக்கப்பட வேண்டும். சாதி கேட்டு வீடு மறுப்பதைத் தண்டிக்கும் தெளிவான விதி வாடகைச் சட்டத்தில் இடம்பெற வேண்டும்.

பொதுப் பணத்தில் போடப்படும் தண்டவாளம் யார் வீட்டருகே செல்கிறது என்பது பொறியாளர்கள் மட்டும் முடிவு செய்யும் விஷயமன்று; அது சமூகநீதியின் கேள்வி. மீள்குடியேற்றப் பகுதி மக்களின் குரலைக் கேட்காமல் வரையப்படும் எந்த வழித்தடமும் சேரியை ஊருக்கு வெளியே நிறுத்திய பழைய வரைபடத்தையே நகரத்தில் மீண்டும் வரையும்.