உருவும் தொழிலும்

சென்ற வாரம் உயர்தர வகுப்பிலே நுணுக்குக்காட்டியின்கீழ் என்புக் கலத்தையும் கொழுப்புக் கலத்தையும் மாணவர்க்குக் காட்டிக்கொண்டிருந்தேன். பின்வாங்கிலிருந்த மாணவனொருவன் எழுந்து, "ஐயா, இவை இரண்டும் கருவுற்ற ஒரே முட்டையிலிருந்து வந்தவைதாமே? பரம்பரைச் சொத்தும் இரண்டுக்கும் ஒன்றே. பின் ஒன்று என்பாகவும் மற்றது கொழுப்பாகவும் போவானேன்?" என்றான்.

"பரம்பரையலகுகளுட் சில விழித்திருக்கும், சில உறங்கிக் கிடக்கும். அதனாலேதான் வேறுபாடு" என்றேன்.

அவன் அமரவில்லை. "அப்படியானால் அவற்றை எழுப்புவது யார்?" என்றான்.

நல்ல வினா. இதற்கு விடை ஒன்றன்று, பல. அயற்கலங்கள் அனுப்பும் இரசாயனச் செய்திகள் ஒரு விடை. பலரும் எண்ணிப்பாராத இன்னொரு விடை உண்டு. அதுவே கலத்தின் உருவம்.

1665ஆம் ஆண்டிலே றொபேட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் தக்கைச் சீவலொன்றில் அறை அறையாக இருந்தவற்றைக் கண்டு, அவற்றுக்குக் கலம் எனப் பெயரிட்டார். அதன்பின் நெடுங்காலம் கலத்தின் தொழிலே உருவை ஆக்குகிறது என எண்ணினர். நரம்புக் கலம் செய்தி கொண்டு செல்வதால் நீண்டது. தோலின் மேற்கலம் காப்பதால் தட்டையானது. இஃது உண்மையே. ஆயின் முழு உண்மையன்று. உருவமும் தொழிலை ஆக்க வல்லது என்பதை அண்மைக் காலத்து ஆய்வுகள் காட்டியுள்ளன.

1978இல் அமெரிக்காவிலே ஜூடா போக்மன், ஆன் மொஸ்கோனா என்னும் இருவர், ஒட்டுந்தன்மையைக் குறைக்கும் பூச்சொன்றைப் பிளாத்திக்குத் தட்டுக்களிற் பல்வேறு தடிப்பிற் பூசி, அவற்றின்மேற் கலங்களை வளர்த்தனர். பூச்சு மெல்லிதாயிருந்த இடத்திற் கலங்கள் நன்கு பரந்து தட்டையாயின. தடித்த இடத்தில் உருண்டு திரண்டன. தட்டையான கலங்கள் பெருகுவதற்கு ஆயத்தமாயின. உருண்டவையோ அடங்கிக் கிடந்தன.

இங்கே ஓர் ஐயம் எழும். பரந்த கலம் தட்டினை மிகுதியாகத் தொடுகின்றதே. அந்தத் தொடுகைதான் காரணமோ? 1997இல் கிறிஸ்தோபர் சென், டொனால்ட் இங்பர் ஆகியோர் இதனைத் தீர்த்துவைத்தனர். சிறு சிறு ஒட்டுப்புள்ளிகளை நெருக்கியும் விலக்கியும் அமைத்து, தொடும் பரப்பைப் பெருக்காமலே கலத்தை விரியச் செய்தனர். விரிந்த கலம் வளர்ந்தது. குறுகிய இடத்தில் ஒடுங்கிய கலமோ தன்னைத்தானே மாய்த்துக்கொண்டது. ஆகவே வாழ்வையும் சாவையும் அங்கே தீர்மானித்தது தொடுகையின் அளவன்று, உருவமே.

2004இல் சென் குழுவினர், என்பாகவும் கொழுப்பாகவும் மாறவல்ல மனித மூலக்கலங்களை எடுத்தனர். இரு திசைக்கும் தூண்டும் பொருள்கள் கலந்த ஒரே ஊட்டத்திரவத்தை எல்லாவற்றுக்கும் கொடுத்தனர். பக்கம் 32 மைக்கிரோமீற்றர் கொண்ட சிறு சதுரத்தில் இருந்தவை உருண்டு, பெரும்பாலும் கொழுப்பின் வழிச் சென்றன. பக்கம் 100 மைக்கிரோமீற்றர் கொண்ட பெருஞ் சதுரத்திற் பரந்தவை என்பின் வழிச் சென்றன. உணவு ஒன்று, பரம்பரை ஒன்று, இடம் மாத்திரம் வேறு!

இஃது எங்ஙனம் நிகழ்கிறது? கலம் வெறும் நீர்ப்பை அன்று. அதனுள்ளே நுண்ணிய புரத நார்கள் கூடாரக் கயிறுகள்போல் இழுபட்டு நிற்கின்றன. கலம் பரந்தால் அவற்றின் இழுவிசை மிகும், உருண்டால் தளரும். அந்த இழுவிசையின் செய்தி கலத்தின் கருவரை சென்று, எந்தப் பரம்பரையலகு விழிக்கவேண்டும் என்பதிற் பங்குகொள்கிறது.

தாயின் வயிற்றில் இதே நாடகம் இழையங்களை உருவாக்குகிறது. கிணற்றுக்கு வட்டக்கட்டுக் கட்டும் மேசன், கல்லை ஒருபுறம் ஒடுக்கிக் கொத்துவதைப் பார்த்திருப்பீர்கள். ஒடுங்கிய புறம் உள்ளே வர, சுவர் தானாக வளைகிறது. முளையத்தின் முதுகிலே தகடுபோற் கிடக்கும் கலங்களுட் பல, அவ்வாறே ஒரு முனை சுருங்கி ஆப்பு வடிவம் கொள்கின்றன. தகடு மடிந்து குழாயாகிறது. அக்குழாயே பின்னர் மூளையும் முண்ணாணும் ஆகின்றது. கலத்தகடு இவ்வாறு மடியும் விதத்தை வாரன் லூயிஸ் என்பவர் 1947இல் பித்தளைச் சட்டங்களும் இறப்பர் வார்களும் கொண்டு செய்து காட்டினார்.

இந்தக் குழாய், கருவுற்று ஏறக்குறைய 28 நாள்களுக்குள் மூடிவிடும். மூடத் தவறினால் முள்ளந்தண்டுப் பிளவு முதலிய கொடிய குறைகளுடன் குழந்தை பிறக்கும். தவறுவதற்குக் காரணங்கள் பல. ஆயினும் ஒரு காப்பு உண்டு. முன்பு இத்தகைய குழந்தையைப் பெற்ற தாய்மாரிடையே நடந்து 1991இல் வெளிவந்த ஆய்வொன்று, போலிக்கமிலம் என்னும் விற்றமின் அக்குறை மீண்டும் நேர்வதை 72 சதவீதம் தடுத்ததென நிறுவியது.

ஈண்டுத் தாய்மார் கவனிக்க வேண்டியது ஒன்று. தாம் கருவுற்றிருப்பதைப் பலர் அறியும் முன்னரே அந்த 28 நாள் கழிந்துவிடும். எனவே குழந்தையை விரும்பும் காலத்திலிருந்தே நாளொன்றுக்கு 400 மைக்கிரோகிராம் உட்கொள்ளத் தொடங்குமாறு மருத்துவர் கூறுவர். முன்பு குறையுள்ள குழந்தை பிறந்திருப்பின் அளவு கூடவேண்டும். அதனை மருத்துவரிடமே கேட்டறிக. கீரையும் பயறும் நல்லனவே. அவை மட்டும் போதா.

மறுநாள் இவற்றையெல்லாம் அம்மாணவனுக்குச் சொன்னேன். பரம்பரை உருவை ஆக்குகிறது. உருவம் திரும்பிப் பரம்பரையை எழுப்புகிறது. இரண்டுள் எது முதல் என்று பிரித்தல் அரிது. அவன் சிறிது நேரம் சிந்தித்தான். பின்பு, "ஐயா, அப்படியானால் கலத்துக்கு இடம் கொடுப்பது யார்?" என்றான்.

இம்முறையும் அவன் அமரவில்லை. அமராதிருக்கட்டும், அறிவியல் அவ்வாறுதான் வளர்ந்தது.