குளிருக்கு என்ன குடிப்பது?

மார்கழி மாலையில் ஏற்காட்டுக்கு வருபவர்கள் குளிருக்கு இதமாக ஏதாவது கேட்கிறார்கள். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அது நியாயமான ஆசைதான். ஆனால் ஏற்காடு இருக்கும் சேலம் மாவட்டத்தில் அந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு.

சாராயத்தில் சர்க்கரை, எலுமிச்சை, மசாலா, தண்ணீர் சேர்த்த 'பஞ்ச்', கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் வழியாக 17ஆம் நூற்றாண்டிலேயே லண்டன் போய்ச் சேர்ந்தது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன், ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். ஒரே கம்பெனி இந்த மண்ணின் மசாலா கலந்த மதுவை லண்டனுக்குக் கொண்டுபோனது. இந்த மலைக்குக் காப்பியையும் தந்தது.

சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ராஜாஜி, 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதலில் தொடங்கியது சேலத்தில்தான். அதற்கு முன்பே, 1929இல், திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து அவர் நடத்திய 'விமோசனம்' இதழ் மதுவுக்கு எதிராகப் பேசியது; அதன் துணையாசிரியர் எழுத்தாளர் கல்கி. கள்ளுக்கடை வருமானம் போனதை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. பிறகு 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது, 1974இல் திரும்பியது, 1981இல் மீண்டும் தளர்ந்தது. 1983இல் அரசின் மது நிறுவனமான டாஸ்மாக் பிறந்தது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கையில். தடுத்ததும் அரசு, விற்பதும் அரசு.

உடம்பு எந்த அரசாணைக்கும் கட்டுப்படாது. மது, தோலடி இரத்தக் குழாய்களை விரிக்கிறது. சூடு ஏறுவதுபோலத் தோன்றும்போதே உள்ளிருக்கும் வெப்பம் வெளியேறுகிறது. குளிருக்கு மருந்து என்ற பெயர் மதுவுக்குப் பொருந்தாது.

மலையிலேயே மிளகுக்கொடியும் காப்பிச் செடியும் அருகருகே வளர்கின்றன. அவற்றைக் கொண்டே குளிருக்கு இதமான சுக்குக் காப்பி செய்யலாம். ஒரு துண்டு சுக்கைத் தோல் சீவித் தட்டி, அரை ஸ்பூன் மிளகு, ஒரு ஸ்பூன் கொத்தமல்லி விதையோடு பொடித்து, நான்கு டம்ளர் தண்ணீரில் போட்டு மூன்றாக வற்றவிடுங்கள். கருப்பட்டி சேர்த்து, அது கரைந்ததும் இறக்கி, ஒரு ஸ்பூன் காப்பித்தூள் போட்டு மூடி, தெளிந்ததும் வடிகட்டுங்கள். தொண்டையில் காரமும் நாக்கில் இனிப்பும் சேர்ந்து இறங்கும்.

சட்டத்தால் ஒரு குவளையைப் பறிக்க முடியும். அந்த இடத்தை நிரப்புவது நல்ல ருசி மட்டுமே. ஏற்காட்டு விடுதிகளும் அரசின் ஓட்டலும் உள்ளூர் மிளகிலும் காப்பியிலும் செய்த சுக்குக் காப்பியை மாலைப் பட்டியலின் முதல் வரியில் போடட்டும்.