மாத்திரைக்கும் பத்தியம் உண்டு

நாட்டு மருந்துக்குத்தான் பத்தியம், இங்கிலீஷ் மருந்துக்கு அதெல்லாம் கிடையாது என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் அங்கும் பத்தியம் உண்டு. ‘சாப்பாட்டுக்கு முன்’, ‘சாப்பாட்டுக்குப் பின்’ என்று மருந்துச் சீட்டில் அது இரண்டு சொல்லாகச் சுருங்கிக் கிடக்கிறது. காரணம் எழுதப்படாததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

வயிற்றில் இருக்கும் உணவு சில மருந்துகளுக்குத் துணை, சிலவற்றுக்குத் தடை. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் வயிற்றின் உட்புறத்தைப் புண்ணாக்கக் கூடியவை என்பதால் சாப்பிட்ட பிறகு. அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே உள்ளே போனால்தான் முழுப் பலன் தரும். கிளிமெப்பிரைடு என்ற சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால், ரத்தச் சர்க்கரை மளமளவென்று இறங்கி மயக்கத்தில் முடியும். சிப்ரோஃப்ளாக்சசின், டெட்ராசைக்ளின் ஆகியவற்றைப் பாலுடன் விழுங்குவது வீண் வேலை. பாலிலுள்ள கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ள, கணிசமான பகுதி உடலில் சேராமலே வெளியேறிவிடும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரையை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, மறுவாரம் துளியும் இல்லை என்பதுதான் சிக்கல். கீரையிலுள்ள வைட்டமின் கே மருந்துக்கு எதிராக வேலை செய்வதால், அளவு ஒரே சீராக இருக்க வேண்டும்.

இந்தப் பத்தியம் மிகவும் சிக்கலாவது தைராய்டு குறைபாடுள்ள கர்ப்பிணியின் ஒருநாள் பொழுதில். லெவோதைராக்சின் மாத்திரை விடிந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீருடன் விழுங்க வேண்டியது. அதன்பின் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை காபி கூடாது. எழுந்ததும் டிகாஷன் வாசம் வீசும் வீடுகளில் மாத்திரையும் காபியும் சேர்ந்தே உள்ளே போகின்றன. தைராய்டு பரிசோதனை முடிவைப் பார்த்து ‘மாத்திரை போட்டும் டி.எஸ்.எச். அளவு குறையவில்லை’ என்ற புலம்பலுக்கு அதுவும் ஒரு காரணம். கர்ப்பத்தில் இந்த மருந்தின் தேவை கூடும் என்பதால், கரு உண்டானது தெரிந்தவுடன் மருத்துவரிடம் சொல்லி அளவைச் சரிபார்ப்பது அவசியம்.

கூடவே இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் இருக்கும். இரண்டுமே தைராய்டு மருந்து உடலில் சேர்வதைத் தடுப்பவை. அதிலிருந்து நான்கு மணி நேரமாவது தள்ளியிருக்க வேண்டும். அவை இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதும் இல்லை. கால்சியம் இரும்பைச் சேரவிடாது. டீயும் காபியும் அதே தடையைச் செய்யும். எலுமிச்சைச் சாறு இரும்பு சேர உதவும். ஆகவே காலை ஆறு மணிக்குத் தைராய்டு, பதினொன்றுக்கு இரும்புச்சத்து, மதியச் சாப்பாட்டோடும் இரவுச் சாப்பாட்டோடும் கால்சியம் என்பது ஒரு வழி. அவரவர் வீட்டு நேரத்துக்கேற்ப மருத்துவரோ செவிலியரோ மாற்றித் தருவார்கள். மூன்றையும் ஒரே வாயில் போட்டு, மேலே ஒரு டம்ளர் பாலையும் குடிப்பது மட்டும் கூடாது. இரும்புச்சத்து மாத்திரையால் மலம் கறுத்துப்போவது இயல்பு. அதற்குப் பயந்து நிறுத்துபவர்கள் பலர். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கும்போது, இது சிறிய விஷயமல்ல.

கர்ப்பத்தில் நேரத்தைவிடப் பெரிய கேள்வி, எந்த மருந்து என்பது. தாய் விழுங்குவது நஞ்சுக்கொடியைத் தாண்டாது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1957இல் மேற்கு ஜெர்மனியில் தூக்க மருந்தாக விற்பனைக்கு வந்த தாலிடோமைடு, அந்த நம்பிக்கையை உடைத்தது. மசக்கை வாந்திக்கும் அது கொடுக்கப்பட்டது. 1961 இறுதியில் அங்கே திரும்பப் பெறப்பட்டாலும், பல நாடுகளில் ஏறத்தாழ பத்தாயிரம் குழந்தைகள் கை கால் வளர்ச்சி குன்றிப் பிறந்தார்கள். பாதுகாப்புக்குப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்காவில் அனுமதி தர மறுத்தவர் பிரான்சிஸ் கெல்சி என்ற அதிகாரி. நிறுவனம் நெருக்கியும் அவர் அசையவில்லை.

இன்றும் கர்ப்பத்தில் ஆபத்தான மருந்துகள் சாதாரண வீட்டு அலமாரியில் இருக்கின்றன. ரத்த அழுத்தத்துக்கான எனலாப்ரில், டெல்மிசார்டன் ஆகியவை சிசுவின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். வலிப்புக்கான வால்ப்ரோயேட் முதுகுத்தண்டுக் குறைபாட்டை உண்டாக்கலாம். பருவுக்கான ஐசோட்ரெடினாயின் கர்ப்பத்தில் அறவே ஆகாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் நெடுங்காலமாகப் பயன்பாட்டில் உள்ளது. ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளை இருபது வாரத்துக்குப் பிறகு தவிர்க்கச் சொல்லி அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020இல் எச்சரித்தது.

இதைப் படித்துவிட்டு மாத்திரைகளைத் தூக்கி எறிவதும் ஆபத்துதான். வலிப்பு மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் வரும் வலிப்பு, தாயையும் சேயையும் சேர்த்தே தாக்கும். ரத்த அழுத்தத்துக்கு மெத்தில்டோபா, லேபெட்டலால் என்று மாற்று உண்டு. மாற்றுவது மருத்துவர் வேலை. அதற்கு உரிய நேரம் கர்ப்பத்துக்கு முன்பே. சிசுவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கருத்தரித்த நான்கு வாரத்துக்குள் மூடிவிடுகிறது. பல பெண்களுக்கு அப்போது நாள் தள்ளிப்போனதே சரியாகத் தெரிந்திருக்காது. ஃபோலிக் அமில மாத்திரையை முன்கூட்டியே தொடங்கச் சொல்வது அதனால்தான்.

கடையில் அட்டையை வெட்டி நான்கு மாத்திரை தரும்போது, மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் வெட்டுப்பட்ட துண்டோடு போய்விடுகின்றன. விளக்கத்தாள் கைக்கு வருவதே இல்லை. எப்படிச் சாப்பிட வேண்டும் என்று நோயாளிக்கு எடுத்துச் சொல்வது மருந்தாளுநரின் கடமை என 2015ஆம் ஆண்டின் மருந்தாளுநர் தொழில் ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. பின்னால் வரிசை நின்றாலும் பரவாயில்லை, கேட்டு வாங்குங்கள்.