ஈசியான பாம்புன்னு இனி யாரும் சொல்லாதீங்கப்பா

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து நாலு மாசம் ஆச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கமான சாக்கைச் சொல்லலாம். நெசம் என்னன்னா, வீட்டுல ஒருத்தர் பதினோரு வாரமா சாப்பிடலை. அந்தக் கவலையில எழுத்து ஓடலை.

ஒருத்தர்னதும் தங்கமணின்னு நெனைச்சுக்காதீங்க. அந்த பாக்கியம் இன்னும் கிட்டலை. இவர் பேரு சுருளி. வயசு மூணரை. நீளம் மூணேகால் அடி. எடை ஒரு கிலோ ஐம்பது கிராம். ஜாதி: பால் பைத்தான். அதாவது ஆப்பிரிக்க மலைப்பாம்பு.

ஓடாதீங்க, கொஞ்சம் நில்லுங்க :-) விஷம் கிடையாது. பயந்தா கடிக்கறதுக்கு முன்னாடி தலையை உள்ளே வச்சு பந்து மாதிரி சுருண்டுக்கும். அதனாலதான் அமெரிக்காவுல 'பால்' பைத்தான்னு பேரு. இங்கிலாந்துல ராயல் பைத்தான்னு மரியாதையா சொல்றாங்க.

இது நான் ஆசைப்பட்டு வாங்கினது இல்லை. டல்லாஸ் பக்கம் நானும் ஒரு வடநாட்டுப் பையனும் ஒரே அபார்ட்மெண்ட்ல இருந்தோம். 2021ல அவன் ஒரு கடையில அறுபது டாலருக்கு வாங்கிட்டு வந்தான். விரல் தடிமன் குட்டி. "பிகினர் ஸ்னேக், ரொம்ப ஈசி, ரெண்டு வாரத்துக்கு ஒரு எலி போட்டா போதும்"னு கடைக்காரர் சொன்னதா சொன்னான். நான் என் ரூம் கதவுக்கடியில பழைய லுங்கியைச் சொருகிட்டுத் தூங்கினேன். மூணு வருஷம் அப்படித்தான் போச்சு.

2024 செப்டம்பர்ல அவனுக்கு வேலை போச்சு. எச்1பி கதை உங்களுக்குத் தெரியும். அறுபது நாளுக்குள்ள வேற வேலை கிடைக்கணும், இல்லேன்னா மூட்டையைக் கட்டணும். கிடைக்கலை. காரை வித்தான், டிவியை வித்தான், கட்டிலை ஓசியில கொடுத்தான். கடைசியில கண்ணாடித் தொட்டியும் பாம்பும் மிச்சம். ரெண்டு மூணு பேரைக் கேட்டான், யாரும் எடுத்துக்கலை. ஏர்போர்ட் கிளம்பற அன்னிக்கு, "பாய், ஒரு மாசம் மட்டும் பாத்துக்கோ"ன்னு அழுதான். அழற பையன்கிட்ட முடியாதுன்னு எப்படிச் சொல்றது?

ஊருக்குப் போன் பண்ணி அம்மாகிட்ட சொன்னேன். எங்க ஊர் திருநெல்வேலிப் பக்கம்.

"ஏல, பாம்பையா வீட்டுக்குள்ள வச்சிருக்க? கூறு கெட்டவனே!"

"ஒண்ணும் பண்ணாதும்மா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "பாலாவது ஊத்துதியா அதுக்கு?"

பால் குடிக்காதும்மா, எலிதான் திங்கும்னு சொன்னதும் போனை வச்சிட்டாங்க. அந்த எலியும் உறைஞ்ச எலி. பாக்கெட்ல வரும். ஃப்ரிட்ஜ்ல வச்சு உறை விட வச்சு, சுடுதண்ணியில சூடு பண்ணி, இடுக்கியால பிடிச்சு ஆட்டணும். தோசை மாவுக்குப் பக்கத்துல எலி எதுக்குன்னு அதுக்குன்னே ஒரு குட்டி ஃப்ரீசர் வாங்கிட்டேன்.

அப்பத்தான் ஆரம்பிச்சது. சுருளி சாப்பிடலை. ஒரு வாரம், ரெண்டு வாரம், அஞ்சு வாரம். பால் பைத்தான் குளிர்காலத்துல மாசக்கணக்குல பட்டினி கிடக்கறது சகஜம், அதுவும் ஆணா இருந்தா இன்னும் சகஜம்னு அப்போ எனக்குத் தெரியாது. வளர்த்தவனைக் காணோம்னு ஏங்குதுன்னு நெனைச்சேன். என்னவெல்லாம் பண்ணேன் கேளுங்க. மூணு நாளைக்கு ஒரு தடவை எலியை நீட்டினேன். ஆறுதல் சொல்றதா நெனைச்சுகிட்டு தினம் ராத்திரி கையில எடுத்து வச்சுகிட்டேன். ஆபீஸ் மீட்டிங்குக்கு நடுவுல எழுந்து போய் மூடியைத் திறந்து பாத்தேன். பாசக்காரப் பையன்தானே நான்!

எட்டாவது வாரம் கையில எடுத்தப்போ வயித்துப் பக்கம் நாலஞ்சு செதில் சிவந்து இருந்துச்சு. பயந்துட்டேன். ஊர்வன பாக்கற டாக்டரைத் தேடி நாப்பது மைல் ஓட்டினேன். (காலே இல்லாத ஜீவனுக்குக் கால்நடை டாக்டர், தமிழ் விளையாடுது பாருங்க.) அந்தம்மா பாம்பைப் பாத்துட்டு என்னைப் பாத்தாங்க. "அடியில இருக்கற ஹீட் மேட்டுக்கு தெர்மோஸ்டாட் இருக்கா?" கேட்டாங்க. அப்படின்னா என்னன்னு நான் கேட்டேன்.

கொரோனா காலத்துல நெத்திக்கு நேரா நீட்டுவாங்களே, அதே மாதிரி ஒரு வெப்பமானி வாங்கித் தொட்டித் தரையில நீட்டினேன். 46 டிகிரி செல்சியஸ். கண்ணாடிச் சுவத்துல ஒட்டியிருந்த வட்ட மீட்டர் சமத்தா 27 காட்டிகிட்டு இருந்துச்சு. காத்துச் சூட்டைச் சுவத்துல அளந்துட்டு, பாம்பு படுக்கற தரையை நாங்க ரெண்டு பேருமே அளக்கலை. அடியில இருந்து வர்ற சூட்டை விட்டு பாம்பு சட்டுனு நகராதாம். படுத்த இடத்துலயே வெந்துகிட்டு இருந்திருக்கு. நல்லவேளை, புண் ஆழமா இல்லை. ரெண்டு மூணு தடவை தோல் உரிச்சா சரியாயிடும்னு சொன்னாங்க.

அன்னிக்கு வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் தொட்டி முன்னாடியே உக்காந்திருந்தேன். ஒரு நாயா இருந்திருந்தா சூட்டுல ஊளையிட்டிருக்கும். பூனையா இருந்திருந்தா என்னைப் பிராண்டியிருக்கும். இது ஒண்ணும் சொல்லலை. சாப்பிடாம இருந்துச்சு, அவ்வளவுதான். அதுக்குத் தெரிஞ்ச ஒரே புகார் அதுதான். அதையும் நான் பாசத்துல ஏங்குதுன்னு தப்பா மொழிபெயர்த்துட்டேன்.

இப்போ மேட்டருக்கு வர்றேன். 'ஈசி'ங்கற வார்த்தைதான் எனக்குப் பிரச்சினை. குரைக்காது, நடக்கக் கூட்டிட்டுப் போக வேணாம், ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு சாப்பாடு. எல்லாம் உண்மை. ஆனா அது நமக்கு ஈசி. தப்பு பண்ணா எடுத்துச் சொல்ற பிராணிதான் கத்துக்குட்டிக்கு ஈசி. எர்ரர் மெசேஜே குடுக்காத சாஃப்ட்வேரை யூஸர்கிட்ட குடுத்துட்டு, கம்ப்ளைண்ட் எதுவும் வரலை, புராடக்ட் சூப்பர்னு சொன்னா நாம விடுவோமா?

சரி, என்னதான் வேணும் அதுக்கு? மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவுல புல்வெளிப் பக்கம் இருக்கற ஜீவன் இது. பகல்ல எலி வளையிலயும் கறையான் புத்துலயும் கிடக்கும், ராத்திரி வெளியில வரும். கறையான் புத்தெடுக்க பாம்பு குடிபோகும்னு நம்ம பாட்டிங்க சொன்னது ஆப்பிரிக்காவுக்கும் பொருந்துது. பெனின் நாட்டுல விதா ஊர்ல இதே பாம்புக்குக் கோயிலே இருக்கு. அம்மாகிட்ட அதைச் சொன்னப்புறம்தான் கோவம் கொஞ்சம் தணிஞ்சுது.

புத்துக்குள்ள வாழறதை நாலு பக்கமும் கண்ணாடி வச்ச தொட்டியில நடு ஹால்ல வச்சா எப்படி இருக்கும்? நம்மளை சிக்னல்ல கட்டில் போட்டுப் படுக்க வச்ச மாதிரி. அதனால நான் பண்ணின மாத்தம் இதுதான்:

ஒண்ணு, ஒளிஞ்சுக்க ரெண்டு குகை. சூடான பக்கம் ஒண்ணு, குளிர்ந்த பக்கம் ஒண்ணு. உள்ளே போனா உடம்பு சுவத்துல உரசற அளவுக்கு இறுக்கமா. ஒரு குகைதான் இருந்தா சூடா, பத்திரமான்னு அது தினம் தேர்ந்தெடுக்கணும்.

ரெண்டு, தெர்மோஸ்டாட். சூடான பக்கம் 31லேர்ந்து 32 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25, 26. கண்ணாடிக்கு மூணு பக்கம் கறுப்பு அட்டை.

மூணு, ஈரப்பதம் 60 சதவீதத்தை ஒட்டி. டல்லாஸ் குளிர்ல ரூம் ஹீட்டர் போட்டா காத்து அப்பளம் மாதிரி காஞ்சிடும். தோல் முழுசா உரியாம துண்டு துண்டா வரும், கண்ணு மேலயே ஒட்டிக்கும். வலை மூடியை முக்கால்வாசி மறைச்சு, தரையில தேங்காய் மட்டைத் தூள் போட்டேன். பையைத் திருப்பிப் பாத்தா மேட் இன் ஸ்ரீலங்கா. நம்மாளு!

நாலாவதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு: கையை வச்சுகிட்டு சும்மா இருக்கறது. தண்ணி மாத்தறது, அழுக்கு எடுக்கறது தவிர தொடலை. வாரத்துக்கு ஒரு தடவை எடை. (சமையல் தராசு இல்லீங்க, தனித் தராசு. ஊர்வனகிட்ட சால்மோனெல்லா இருக்கலாம், தொட்டா சோப்புப் போட்டுக் கை கழுவணும். அஞ்சு வயசுக்குக் கீழே குழந்தை இருக்கற வீட்டுக்கு இது வேணவே வேணாம்.) பத்து சதவீதத்துக்கு மேல எடை குறைஞ்சா உடனே கூட்டிட்டு வா, அதுவரைக்கும் பொறுன்னு டாக்டரம்மா சொல்லியிருந்தாங்க. 1050 கிராம் 985 வரைக்கும் வந்துச்சு. எக்செல்ல கிராஃப் போட்டுப் பாத்துகிட்டே இருந்தேன்.

பதினோரு வாரம் முடிஞ்ச மறுநாள், 2025 பிப்ரவரியில ஒரு ராத்திரி, இடுக்கியில எலியை நீட்டினேன். குகையில இருந்து தலை மட்டும் வந்துச்சு. சடார்! சுருண்டு பிடிச்ச வேகத்துல நான் இடுக்கியைக் கீழே போட்டுட்டேன். ராத்திரி ஒரு மணிக்கு அம்மாவுக்குப் போன் போட்டு, "சாப்பிட்டுடுச்சும்மா"ன்னேன். "நீ சாப்பிட்டியால?"ன்னு கேட்டாங்க.

ஊருக்குப் போனவன் அப்பப்போ வாட்ஸ்அப்ல போட்டோ கேக்கறான், அனுப்பறேன். அவன் மேல எனக்குக் கோவம் இல்லை. ஆனா ஒரு கணக்கை அவனும் போடலை, கடைக்காரரும் சொல்லலை. நல்லா பாத்துகிட்டா இது இருபது, முப்பது வருஷம் வாழும். செயிண்ட் லூயிஸ் ஜூவுல ஒரு பால் பைத்தான் 2020 ஜூலையில ஏழு முட்டை போட்டுச்சு. 1961ல ஒருத்தர் ஜூவுக்குக் குடுத்த பாம்பு அது. வயசு அறுபதைத் தாண்டிடுச்சுன்னாங்க. எச்1பி விசாவோ சாதாரணமா ஆறு வருஷம். முப்பது வருஷ ஜீவனை 'ஈசி'ன்னு வாங்கறோம்.

ஊருக்குக் கொண்டு போயிடலாமேன்னு கேப்பீங்க. அவ்வளவு சுலபம் இல்லை. சைட்டிஸ் ஒப்பந்தத்தோட ரெண்டாவது பட்டியல்ல இருக்கற ஜீவன், இங்கே ஏத்துமதி அனுமதி, அங்கே இறக்குமதி அனுமதி எல்லாம் வாங்கணும். இந்தியாவுல இருக்கற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை: அங்கே இது வச்சிருந்தா 2024 விதிகள்படி பரிவேஷ் தளத்துல பதிவு பண்ணணும். நம்ம ஊரு மலைப்பாம்பு வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணை, தொடவே கூடாது.

"அப்போ யாருமே பாம்பு வளர்க்கக் கூடாதுங்கறியா?"ன்னு கேட்டா, இல்லை. ராத்திரி விளக்கை அணைச்சதும் அது மெதுவா வெளியில வந்து நாக்கை நீட்டி நீட்டி ஊரைச் சுத்திப் பாக்கறதைப் பாத்தா உங்களுக்கும் பிடிச்சிடும். வளருங்க. ஆனா வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்விக்குப் பதில் வச்சுக்கோங்க. தொட்டித் தரையில எத்தனை டிகிரி? நீங்க ஊரைவிட்டுக் கிளம்பற அன்னிக்கு இது யார் வீட்டுக்குப் போகும்?

ரெண்டாவது கேள்விக்கு எனக்கே இப்போதான் பதில் கிடைச்சிருக்கு. நாப்பது மைல் தள்ளி இருக்கற அதே டாக்டரம்மாகிட்ட பேசி, எனக்கு ஏதாவது ஆச்சுன்னா நல்ல வீடு பாத்துக் குடுக்கறதா வாக்கு வாங்கியிருக்கேன். தாள்ல எழுதி தொட்டி மேலயே ஒட்டி வச்சிருக்கேன்.

டிஸ்கி: 'ஒரு மாசம் மட்டும்' இன்னும் முடியலை. கதவுக்கடியில இருந்த லுங்கியை எடுத்துட்டேன் :-)